மெழுகுவத்திக்குச் சொன்ன சரி

மைசூரு,
10 ஜூன் 2024

அன்புள்ள நிர்மலா அக்காவுக்கு,

இங்கு நலம், காலையில் அவல். அங்கு நலமறிய ஆவல். மூன்று நாளாக அவல்தான். முட்டி வலியில் அம்மா தோசைக்கல் பக்கமே போவதில்லை.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிக்காதே. என் போன் அப்பாவின் பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. தசரா முடியும் வரை ஜாமீன் கிடையாது. குற்றம் இதுதான்: அப்பாவின் போனிலிருந்து தெரு வாட்ஸ்அப் குழுவில் 'நாளைக்குத் தண்ணீர் வராது' என்று ஒரே ஒரு வரி போட்டேன். தெருவே டிரம், குடம், குக்கர் வரைக்கும் எடுத்து நிரப்பியதில் மேல்நிலைத் தொட்டி காலியாகி, மறுநாள் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. ஆக நான் சொன்னது உண்மைதானே என்று அப்பாவிடம் ஒரு வாதத்தை வைத்தேன். அவரும் ஒன்று வைத்தார். கன்னம் இன்னும் எரிகிறது.

"லெட்டர் எழுது, உன்ற தமிழாவது உருப்படும்" என்றாள் அம்மா. கடிதத்தில் 'கடி'யை எடுத்துவிட்டால் மிச்சம் 'தம்'தான், அது உடம்புக்குக் கெடுதல். ஆகவே கடிப்பேன். பொறுத்துக்கொள்.

இப்போது செய்தி. பாலன் அண்ணனுக்கு 'வாழ்க்கைத் திட்டம்' போடப்போகிறார்கள். நம் வீட்டில் இதுவரை திட்டு மட்டும்தான் இருந்தது. அதைத் திட்டமாக்க ரஞ்ஜிதா மிஸ் என்று ஒருவர் வந்திருக்கிறார். அண்ணனைப் போலக் காதும் கேளாமல் கண்ணும் தெரியாமல் இருப்பவர்களோடு வேலை செய்கிறவர். அம்மா வழக்கம்போல, பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பத்து வயதில் கண்ணும் போய்விட்டது, எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று அரை மணி நேரம் சொன்னாள். மிஸ் கேட்டுவிட்டு, "அது சரிங்க, அவருக்கு என்ன பிடிக்கும்?" என்றார். அம்மா இன்னொரு கோயிலின் பேரைச் சொன்னாள்.

அப்பா மட்டும் பதில் வைத்திருந்தார். "மெழுகுவத்தி சென்டர்னா உசிருங்க அவனுக்கு." நஞ்சன்கூடு ரோட்டில் அண்ணன் தினமும் போகிற அதே சென்டர்தான். பக்கத்திலேயே ஹாஸ்டல் கட்டிவிட்டார்களாம். தசரா முடிந்ததும் அங்கேயே தங்க அப்பா இடம் சொல்லி வைத்துவிட்டார். "இவளுக்குப் பஸ் ஏற முடியலீங்க. எங்களுக்கப்புறம் அவனுக்கு ஒரு இடம் வேணுமில்ல?" என்றார்.

ஆக, அறை முழுசும் எனக்கு! ஃபேன் எனக்கு! தினமும் என் இடது செருப்பை ஒளித்து வைக்கும் திருடனும் ஒழிந்தான்!

தசராவுக்கு நீ வருவாய்தானே?

இப்படிக்கு,
குரைக்காமல் கடிக்கும் தம்பி
தருண்குமார்


கோயம்புத்தூர்,
23 ஜூன் 2024

அன்புள்ள தருணுக்கு,

நலம்தான். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி மாற்றி மாற்றி வருவதால் எது காலை, எது மாலை என்பதே மறந்துபோகிறது. அம்மாவின் முட்டிக்கு நான் அனுப்பிய தைலத்தை ஒழுங்காகத் தேய்த்துவிடு. அதில் வேறு எதையும் கலந்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தைப் படித்து வார்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அப்பா செய்தது சரி.

ஹாஸ்டல் நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். மெழுகுவத்தியைக் கையில் வைத்ததும் பாலன் முகம் எப்படி மாறும் என்று நான்தான் பார்த்திருக்கிறேனே. பிடித்த இடத்திலேயே இருக்கட்டும். அம்மாவும் எத்தனை நாள்தான் பஸ் படி ஏறுவாள்? சீக்கிரம் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது.

கூட்டம் நடந்தால் ஒன்று விடாமல் எழுது.

அன்புடன்,
அக்கா


மைசூரு,
8 ஜூலை 2024

தசராவைப் பற்றி வாயே திறக்காத அக்காவுக்கு,

வணக்கம். தைலம் தேய்த்தாயிற்று. வேறு எதுவும் கலக்கவில்லை. கலக்கலாமா என்று யோசித்ததோடு சரி.

முதல் கூட்டம் நேற்று நம் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மிஸ் படுக்கை விரிப்பு அளவுக்கு ஒரு சார்ட் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். நடுவில் அண்ணன் படம், சுற்றிலும் வட்டங்கள், மூலையில் மஞ்சள் சூரியன். அம்மா, அப்பா, சென்டர் டீச்சர் சித்தம்மா எல்லோரும் 'ஆகா' என்றார்கள்.

"சூரியன் சூப்பர் மிஸ். யாருக்கு?" என்றேன்.

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. "அய்யோ தேவரே!" என்று கன்னடத்துக் கடவுளைக் கூப்பிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எட்டு பேருக்கு இப்படிச் செய்திருக்கிறாராம், ஒருத்தரும் கேட்கவில்லையாம். சார்ட்டை உரித்தார். கூடவே நம் சுவர்ச் சுண்ணாம்பும் வந்தது. "இனிமே எல்லாம் மேசை மேலதான். அவர் கைக்கு எட்டணும்."

அடுத்து ஒரு சட்டம் போட்டார். அண்ணனைப் பற்றி யார் என்ன பேசினாலும் அதை அவன் உள்ளங்கையில் சைகையாகச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க காலத்துக்கப்புறம்…" என்று ஆரம்பித்தார். "அதை அவர் கையில சொல்லுங்க சார்" என்றார் மிஸ். அப்பா அண்ணன் கையைப் பிடித்தார். பிறகு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு யார் யார் வர வேண்டும் என்று அண்ணனிடமே கேட்டார்கள். வளையலைத் தேய்த்துக் காட்டினான், அம்மா. மணிக்கட்டைப் பிடித்தான், அப்பாவின் வாட்ச். இல்லாத ஜடையை இழுத்தான், நீ. என் கையைக் கிள்ளினான், நான்தான். இந்தப் பேரை நானே சம்பாதித்தேன். கடைசியில் தன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான். அது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பக் கேட்டால் திரும்பவும் அதே இரண்டு தட்டு, இந்த முறை கோபத்தோடு.

பிறகு ஹாஸ்டல் விஷயம். தினமும் கிளம்பும்போது அம்மா ஒரு மெழுகுவத்தியை அவன் கையில் கொடுப்பாளே, 'சென்டருக்குப் போகிறோம்' என்று சொல்ல. அப்பா அதே மெழுகுவத்தியைக் கொடுத்து, அவன் கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினார். அண்ணன் முகர்ந்து பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எழுந்து செருப்பைத் தேடப் போனான். "பாத்தீங்களா, அவனே சரின்னுட்டான்!" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் சார்" என்றார் மிஸ். எதைப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அறையில் எங்கே எந்தப் போஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒட்டவில்லை. பசை இல்லை.

தருண்


கோயம்புத்தூர்,
28 ஜூலை 2024

அன்புள்ள தருணுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாலையில் ஒரு வகுப்புக்குப் போகிறேன், நேரமே கிடைப்பதில்லை.

பாலன் சிரித்தான் என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்புறம் ஏன் தள்ளிப்போட வேண்டும்? அந்த இரண்டு தட்டு சித்தம்மா டீச்சராகத்தான் இருக்கும். அவர்தானே அங்கே அவனோடு அதிகம் இருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கல்லூரியில் முதல் வருடம், வாலைச் சுருட்டிக்கொண்டு இரு.

அக்கா


மைசூரு,
12 ஆகஸ்ட் 2024

என்ன வகுப்பு என்று சொல்லாத அக்காவுக்கு,

நலமா? இங்கே ஒரு வெடி வெடித்திருக்கிறது. நான் வைத்ததில்லை.

சித்தம்மா டீச்சருக்கு அண்ணன் வைத்திருக்கும் பேர் மூக்குக்கண்ணாடி. கேட்டுவிட்டேன். அவர் இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சென்டர் கிடையாது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மெழுகுவத்தியை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன். இல்லாத சென்டருக்கு அவனைக் கிளப்பி ஏமாற்றலாம் என்ற நல்லெண்ணம்தான். நான் கையை எடுப்பதற்குள் அவன் செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றான். அப்புறம் ஏமாற்ற மனசு வரவில்லை. சரி, பஸ் ஏறுவோம் என்று கூட்டிப்போனேன்.

அக்கா, நீ அவனைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறாயா? ஏறியதும் என்னை இழுத்துக்கொண்டு நேராகப் பின்னால் போனான். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட், யாருமே உட்காராத சீட், அதுதான் அவன் இடம். ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை விரித்து வைத்து, கன்னத்தையும் அதிலேயே ஒட்டிக்கொண்டான். கியர் மாறும்போதெல்லாம் சிரிக்கிறான். ரிங் ரோடு வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே சீட்டிலிருந்து எழும்பிக்கொண்டான். நான் எழும்பவில்லை. எனக்கு இன்னும் வலிக்கிறது.

சென்டர் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் வந்து அவன் தோளில் தட்டினார். இரண்டு தட்டு!

ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டார். பேர் தேவம்மா.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு தரம் தட்டினார். அவன் முகம் அணைந்துபோனது. சாக்கு மூட்டை மாதிரி மெல்ல எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து, 'இல்லை, உட்கார்' என்று காட்டினேன். அவன் நம்பவில்லை. பஸ் நகர்ந்தது. நகர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது, கன்னடமும் போதாது. நஞ்சன்கூடு வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினோம்.

"ஏனப்பா, இன்னிக்கு லீவா?" என்றார் தேவம்மா. "உங்கம்மா முன்னாடி லேடீஸ் சீட்டுல உக்காந்ததுமே தூங்கிடுவாங்க. நான்தான் ரெண்டு பேரையும் தட்டி இறக்கிவிடறது. இவன் தினமும் இறங்க மனசே இல்லாமத்தான் இறங்குவான். ஏதோ சோம்பேறிப் பையன்னு நெனச்சேன்."

புரிகிறதா அக்கா? மெழுகுவத்தி கைக்கு வந்தால் அடுத்து வருவது பஸ். அண்ணனுக்கு மெழுகுவத்தி என்றால் பஸ்! பதினொரு வருடமாக நாம் 'சென்டர், சென்டர்' என்று சொல்கிறோம், அவன் 'பஸ், பஸ்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவன் சரி சொன்னது ஹாஸ்டலுக்கு இல்லை. ஹாஸ்டலிலிருந்து சென்டருக்கு இருபதடி. அங்கே போனால் அவனுக்கு இல்லாமல் போவது பஸ் ஒன்றுதான்.

அப்பாவிடம் இன்று சொல்லப்போகிறேன். உடனே பதில் எழுது.

தருண்


மைசூரு,
27 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தில் கடி கிடையாது.

அப்பா நம்பவில்லை. "தண்ணி வராதுன்னவன்தானடா நீயி?" என்றார். தேவம்மாவைக் கேளுங்கள் என்றேன். "அவங்களையும் செட்டப் பண்ணியிருப்பே" என்றார். அம்மா, "பஸ்ஸுல எனக்குத் தெரியாம என்ன நடக்குது சாமி?" என்று சொல்லும்போதே கொட்டாவி விட்டாள். ரஞ்ஜிதா மிஸ் என்னை நம்புகிறார். ஆனால் வீட்டாள் ஒருவர் அப்பாவிடம் பேசாமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்கிறார். தசரா கழிந்த திங்கட்கிழமை அவனைக் கொண்டுபோய் விடுவதாக அப்பா ஹாஸ்டலில் சொல்லியாயிற்று. அவன் பெட்டியை அம்மா துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள்.

நீ சொன்னால் அப்பா கேட்பார். நீ பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை.

தருண்


கோயம்புத்தூர்,
8 செப்டம்பர் 2024

என் தருணுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் தலையணைக்கு அடியில்தான் இருந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில்தான் எழுத முடியவில்லை.

நீ கேட்டாயே, அந்த வகுப்பு ஜெர்மன். ஒரு வருடமாகப் படிக்கிறேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் போக வேண்டும். ஹாஸ்டலைப் பற்றி அப்பாவிடம் முதலில் சொன்னதும் நான்தான். எனக்குப் பத்து வயதிலிருந்து எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'பாலனுக்கென்ன, நிர்மலா இருக்கிறாள்.' நான் இருக்கிறேனா என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவனுக்கு ஒரு நல்ல இடம் அமைந்துவிட்டால் நான் தைரியமாகக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அதனால் அந்த மெழுகுவத்திச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ அதைப் பிடுங்கிவிட்டாய்.

நேற்று அப்பாவிடம் போனில் பேசினேன். ஜெர்மனி உட்பட எல்லாம். 'தருணை நம்ப வேண்டாம், நீங்களே ஒரு நாள் அவனோடு பஸ்ஸில் போய், அவன் பக்கத்தில் உட்காருங்கள்' என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

தசராவுக்கு வர முடியாதுடா, டூட்டி. தீபாவளிக்கு வருகிறேன். மேசை டிராயரில் என் பழைய ஹேர் கிளிப் இருக்கும். என் பங்குக்கு அதைக் கூட்டத்தில் வை. நான் போகலாமா என்று பாலனிடம் எப்படிக் கேட்பது? உனக்கு வழி தெரிந்தால் கேள்.

அக்கா


மைசூரு,
30 செப்டம்பர் 2024

ஜெர்மன் அக்காவுக்கு,

குட்டன் டாக்! இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முட்டி மட்டும் தனிக்கட்சி.

அப்பா பஸ்ஸில் போனார்! காலையில் ஒன்பது மணிக்கு அண்ணனோடு கிளம்பியவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. அம்மா, "சென்டர்ல என்னங்க சொன்னாங்க?" என்றாள். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எறங்கல. ஒரு ரவுண்டு எச்சா போனோம்" என்றார். அவ்வளவுதான். பெட்டியைத் தானே தூக்கிப் பரணில் வைத்தார்.

அதன் பிறகு மிஸ் வேகமெடுத்தார். பஸ்ஸுக்கென்று தனியாக ஒரு பொருள் வேண்டும் என்று ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சின்னக் குழாய்த் துண்டு. ஏறும்போது குழாய், சென்டர் வாசலில்தான் மெழுகுவத்தி. பத்தே நாளில் அண்ணன் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெழுகுவத்தியை அம்மாவிடமே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தான். பதினொரு வருடமாக மெழுகின் வாடையே அவனுக்கு ஆகாதாம், பஸ்ஸுக்காகப் பொறுத்திருக்கிறான்! இடையில் மிஸ் அவனை இரண்டு மூன்று வேலை இடங்களுக்கு அழைத்துப்போனார். ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டு நர்சரியில் நாற்றுப் பைக்கு மண் நிரப்பக் கொடுத்தார்கள். மண்ணுக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டு எழுந்து வரமாட்டேன் என்றான். அந்த பஸ் தூரமாகவும் போகிறது என்பது சும்மா தற்செயல் என்று நீ நம்பினால் உன் இஷ்டம்.

நேற்று கூட்டம், சரஸ்வதிபுரத்தில் மிஸ்ஸின் ஆபீஸ் மாடியில். சார்ட் கிடையாது. மேசை மேல் மூன்று தட்டு. முதல் தட்டு, என்னோடே இருக்கட்டும். நடுத் தட்டு, போய்ப் போய் வரட்டும். கடைசித் தட்டு, வேண்டாம். இதை இரண்டு வாரமாகச் சாப்பாட்டு அயிட்டங்களை வைத்துப் பழக்கியிருந்தோம். பாகற்காயைக் கடைசித் தட்டில் வைக்கவில்லை, என் மேல் எறிந்தான். மற்றபடி நன்றாகவே பிடித்துக்கொண்டான்.

தேவம்மா காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். வந்ததும் அண்ணன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணன் துள்ளி எழுந்து குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டான். "அய்யோ, பஸ் கீழ இல்லப்பா! உக்காரு!" என்று அவர் கத்த, அதை நான் அவன் கையில் சொல்ல, ஒரே களேபரம்.

ஒவ்வொரு பொருளாகக் கொடுத்தோம். மெழுகுவத்தி போன இடம் கடைசித் தட்டு. 'டங்' என்று. அப்பா எழுந்து, "ஹாஸ்டலுக்கு நானே சொல்லிடறேன்" என்றார். சட்டம் ஞாபகம் வந்து, திரும்பிப் போய் அதை அண்ணன் கையிலும் சொன்னார். இந்த முறை தண்ணீர் குடிக்கப் போகவில்லை. குழாய், மண் பை, தேவம்மாவின் விசில் மூன்றும் நடுத் தட்டு. அம்மாவின் வளையலும் அப்பாவின் வாட்சும் முதல் தட்டு.

அப்பா இன்னொன்று கேட்டார். "நர்சரி போற பஸ்ல இந்தம்மா இருக்கமாட்டாங்களே?" நல்ல கேள்விதான். தேவம்மா ஒரு யோசனை சொன்னார். அண்ணன் கழுத்தில் ஓர் அட்டை மாட்டுவது: 'நான் பாலன். என் ஸ்டாப் வந்ததும் தோளில் இரண்டு தட்டுங்கள்.' காலையில் நான் ஏற்றிவிடுவேன், அங்கே நர்சரி ஆள் இறக்கிக்கொள்வார். மாலையில் அப்பா. அம்மா இனிமேல் வீட்டிலேயே தூங்கலாம். இதெல்லாம் நடக்காமலும் போகலாம் என்றார் மிஸ். மூன்று மாதம் கழித்து மறுபடியும் தட்டு வைப்போம்.

இப்போது உன் கிளிப். ஜெர்மனியை அவனுக்கு எப்படிச் சொல்வது? அவன் கையில் உன் கிளிப்பையும் குழாயையும் சேர்த்துக் கொடுத்தேன். அக்கா பஸ்ஸில். ரொம்ப நேரம் கிளிப்பைத் திறந்து திறந்து மூடினான். பிறகு அதைக் கொண்டுபோய்க் குழாயின் மேலேயே மாட்டி, நடுத் தட்டில் வைத்தான். போய் வரட்டும்.

பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பொறாமை அக்கா. தனக்கு இல்லாத ரூட்டில் நீ போகிறாய் என்று.

தருண்


கோயம்புத்தூர்,
6 அக்டோபர் 2024

அன்புள்ள தருணுக்கு,

நலம், நிஜமாகவே நலம். உன் கடிதத்தை டூட்டி ரூமில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒரு தரம். விடுதிக்கு வரும்போது பஸ்ஸில் பின்சக்கர சீட்டில் உட்கார்ந்து வந்தேன். இடுப்பு போயிற்று. ஆனால் கம்பியில் கை வைத்தபோது கொஞ்சம் புரிந்தது.

அப்பா போன் செய்தார். "போயிட்டு வா கண்ணு. அவனே சரின்னுட்டான்" என்றார். அதே வார்த்தைதான். இந்த முறை என்னால் நம்ப முடிகிறது.

ஒன்று கேட்கட்டுமா? வளையல், வாட்ச், கிளிப், விசில், மெழுகுவத்தி, மண் என்று எல்லாவற்றுக்கும் தட்டு சொன்னாய். உனக்கென்று என்ன பொருள் வைத்தார்கள், அது எந்தத் தட்டுக்குப் போனது என்று மட்டும் நீ எழுதவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன்.

அக்கா


மைசூரு,
13 அக்டோபர் 2024

துப்பறியும் அக்காவுக்கு,

நேற்று ஜம்புசவாரி யானை ஊர்வலத்தோடு தசரா முடிந்தது, என் போன் விடுதலையானது. ஆனாலும் இதைக் கடிதத்திலேயே எழுதுகிறேன். போனில் சொன்னால் என் குரலைக் கேட்டுச் சிரிப்பாய்.

நாளை காலை அண்ணனுக்கு நர்சரியில் முதல் நாள். அட்டை தயார். குழாய் தலைமாட்டில். போஸ்டர் ஒட்ட என் பக்கத்து அரைச் சுவர் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு வைத்தது என் இடது செருப்பு. வேறென்ன வைப்பார்கள்? அண்ணன் அதைத் தடவிப் பார்க்கக்கூட இல்லை. வாங்கியதும் முதல் தட்டில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டான். கூட்டம் முடிந்து கேட்டால் தரவில்லை. இழுத்தேன், கிள்ளினேன், தரவே இல்லை. கடைசியில் மிஸ், "இருக்கட்டும் விடு" என்றார்.

ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன். என் செருப்பின் முறை வருவதற்கு முன்னாலேயே டூட்டிக்குக் கிளம்பிவிட்ட தேவம்மா என் காலைப் பார்த்தார்.

"ஏனப்பா, இன்னொரு செருப்பு எங்க?"

"திட்டத்துல இருக்குங்க" என்றேன்.

உன் தம்பி,
தருண்